வாய்க்காலும் குழாயும்: காவிரிப் படுகையில் நீர்வழி நீட்டிப்பின் செலவு

கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குச் செல்லும் வழியில் உள்ள குடவாசல், கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாக மரபு கூறும் மாடக்கோயிலாலும், ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தாலும், குடவாயிற் கீரத்தனார் என்னும் சங்கப் புலவரின் பெயராலும் தமிழ் வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். இன்று அது திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். உள்ளாட்சி முறையில் பேரூராட்சி. காவிரிப் படுகையின் மற்ற நெல்லூர்களைப் போலவே இங்கும் பல நூற்றாண்டுகளாக நீர்ச்செலவு என்பது வயலுக்கு நீர் கொண்டுவரும் செலவாகவே இருந்தது. அதை எவர் ஏற்பது என்பதில் அரசுக்கும் ஊர்ச் சபைக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே ஓரளவு தெளிவான வழக்கமும் இருந்தது. கடைத்தெரு பேருந்துச் சாலையோடு நீண்டு, திருமண மண்டபமும் உணவகமும் வணிக வளாகமும் ஊரின் ஓரத்து நஞ்சை நிலங்களுக்கு நகரத் தொடங்கிய காலத்தில், குடிநீர்க் குழாயை அதுவரை கொண்டு செல்லும் செலவு எவருடையது என்ற கேள்வி எழுந்தபோது அத்தகைய தெளிவு கிடைக்கவில்லை. வாய்க்காலில் தீர்ந்திருந்த வழக்கு குழாயில் ஏன் தீராமல் போயிற்று என்பதை, படுகையின் பாசன மரபையும் தமிழகத்தின் நகராட்சி நிதி வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

சோழர் காலத்தில் பெரிய நீர்வழிகள் அரசின் முயற்சியால் அமைந்தன என்பதற்கு, குடவாசல் வட்டாரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்றும் ஓடும் சோழசூடாமணி, முடிகொண்டான், வீரசோழன் போன்ற ஆறுகள் அரசர்களின் பெயர்களையும் பட்டங்களையும் தாங்கி நிற்பது ஒரு சான்று. அவற்றிலிருந்து பிரியும் கிளைகளின் கதை வேறு. பிரமதேயம், அதாவது பிராமணருக்கு இறையிலியாக அளிக்கப்பட்ட ஊர் பற்றிய செப்பேடுகள், தானம் பெற்றவர் தம் நிலத்துக்கு நீர் வரும் வகையில் வாய்க்கால் வெட்டிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாக வழங்குகின்றன. அவ்வாறு வெட்டிய வாய்க்காலிலிருந்து அயலார் கிளை பிரிக்கவோ, சிற்றேற்றம் அமைக்கவோ, கூடையால் நீர் இறைக்கவோ கூடாது என்றும் அவை தடை விதிக்கின்றன. நீட்டிப்பின் செலவை ஏற்றவரிடமே அதன் பயன் தங்கவேண்டும் என்ற நெறியே இதன் உட்பொருள். ஏரிகளின் பராமரிப்புக்கு ஏரிப்பட்டி என்ற பெயரில் தனி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தின் விளைச்சல் தூர் வாருவதற்கும் கரை உயர்த்துவதற்கும் பயன்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியம், இத்தகைய பணிகளைக் கவனிக்க ஊர்ச் சபை ஆண்டுதோறும் அமைத்த குழுவாகும்.

பிற்காலத்தில் குடிமராமத்து என்று அறியப்பட்ட முறை இந்தப் பிரிவினையைத் தொடர்ந்தது. ஆறும் அணையும் தலைமதகும் அரசின் பொறுப்பு. ஊர் வாய்க்காலையும் வயல்களுக்குப் பிரியும் கன்னி வாய்க்காலையும் ஆண்டுதோறும் வெட்டிச் செப்பனிடுவது அதனால் பயன்பெறுவோரின் கடமை. ஆற்றில் புதுநீர் வருவதற்கு முன் கோடையில் இப்பணி நடைபெற்றாக வேண்டும். ஆங்கிலேய ஆட்சி இந்த வழக்கத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க முயன்றது. ஆயினும் கடமை எவர் பெயரில் இருந்தது, உழைப்பு எவருடையதாக இருந்தது என்ற வேறுபாட்டை வரலாறு மறைக்கலாகாது. தஞ்சைச் சீமையில் மிராசுதார் என்ற நிலவுடைமையாளரின் பங்கை மண்வெட்டி பிடித்து நிறைவேற்றியவர்கள் பண்ணையாட்களே. வாய்க்காலை வெட்டிய அந்த மக்களின் சேரிகளுக்குத்தான் ஊர்க் கிணறும் ஊர்க் குளமும் மறுக்கப்பட்டிருந்தன. செலவைச் சுமப்பவரும் பயனை அடைபவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்ற நெறி, ஏட்டளவில் நேர்மையாகத் தோன்றினாலும், நடைமுறையில் சாதியும் உடைமையும் வகுத்த எல்லைக்குள்தான் செயல்பட்டது.

புதிதாக நீர் பெறுவோர் தனியாகப் பணம் செலுத்தவேண்டும் என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்ட வடிவம் பெற்றது. அரசின் நீர்நிலையிலிருந்து ஏற்கெனவே உரிமை இல்லாத நிலத்துக்கு நீர் பாய்ச்சினால் தனித் தீர்வை விதிக்க 1865ஆம் ஆண்டுச் சென்னை நீர்ப்பாசனத் தீர்வைச் சட்டம் வழிசெய்தது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாயும் வடவாறு நீட்டிப்புக் கால்வாயும் தஞ்சை மாவட்டத்தின் மேட்டுப் பகுதிகளுக்கு நீரைக் கொண்டு சென்றபோது, பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்ற பாகுபாடு உழவர் பேச்சிலேயே நிலைத்தது. ஆயக்கட்டு என்பது ஒரு நீர்வழியால் பாசனம் பெறும் மொத்தப் பரப்பு. 1955இல் இயற்றப்பட்ட மேம்பாட்டுப் பங்குத்தொகைச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. புதிய பாசனத் திட்டத்தால் ஒரு நிலத்தின் விலை உயருமானால், அந்த உயர்வில் ஒரு பங்கை உடைமையாளரிடமிருந்து அரசு பெறலாம் என்பது அதன் அடிப்படை. தண்ணீர் வந்ததும் மனையின் விலை ஏறுகிறது என்பதைக் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசுவோர் அறிவதற்கு முன்பே, பாசனச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது.

குழாய்வழி நீர் இப்பகுதிக்கு முற்றிலும் புதியதன்று. தஞ்சை நகரில் சேவப்ப நாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஜலசூத்திரம் எனப்பட்ட நிலத்தடிக் குழாய்களின் வழியே நகரின் நீர்நிலைகளை அடைந்தது. ஆனால் அது அரண்மனைப் பொருளில் நடந்த பணி. வரிப்பணத்தில் குழாய் பதிக்கும் முறை நகராட்சிகளோடு வந்தது. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866இல் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகியவை நகராட்சிகளாயின. 1871, 1884, 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நகராட்சியின் அதிகாரங்களைப் படிப்படியாக விரித்தன. சொத்துவரியின் ஒரு கூறாகக் குடிநீர், வடிகால் வரியை விதிக்கவும், அந்த வருவாயைப் பிணையாக வைத்து அரசிடம் கடன் பெறவும் நகராட்சிகளால் இயன்றது.

1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இந்த வரலாற்றுக்கு முக்கியமான ஒரு விதி இருந்தது. தனியார் மனை பிரித்து அமைத்த தெரு சமன்படுத்தப்படாமலோ, கல் பாவப்படாமலோ, சாக்கடையும் விளக்கும் இல்லாமலோ இருந்தால், அப்பணிகளைச் செய்யுமாறு தெருவின் உடைமையாளருக்கும் தெருவை ஒட்டிய மனைக்காரர்களுக்கும் நகர்மன்றம் ஆணையிட அது இடமளித்தது. அவர்கள் செய்யாவிட்டால் மன்றமே செய்து செலவை அவர்களிடம் பிரித்து வசூலிக்கவும் முடிந்தது. சாலை, சாக்கடை, விளக்கு என அடுக்கிச் செல்லும் அந்தப் பட்டியலில் குடிநீர்க் குழாய் இடம்பெறவில்லை. நீர் பொதுச்சுகாதாரத்தைச் சார்ந்தது என்பதால் அது பொதுவரியில் நடக்கவேண்டும் என்ற கருத்து இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். விளைவு என்னவெனில், புதிய தெருவுக்குச் சாலை போடும் செலவுக்குச் சட்டம் ஓர் ஆளைக் காட்டியது. குழாய் நீட்டும் செலவுக்குக் காட்டவில்லை.

குடிநீர் விநியோகத்தின் உடலமைப்பைப் பார்த்தால் இந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பது புலப்படும். நீராதாரத்திலிருந்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிவரை நீரை ஏற்றுவது உந்து குழாய். தொட்டியிலிருந்து தெருக்களின் வழியே செல்வது பகிர்மானக் குழாய், பேச்சுவழக்கில் மெயின் பைப். மெயினில் துளையிட்டு ஃபெரூல் என்ற சிறு பித்தளைத் திருகை இறுக்கி, அதிலிருந்து அரை அங்குலக் குழாயைக் கட்டடத்துக்குள் கொண்டு செல்வது இணைப்பு. முதல் பகுதிக்கு அரசின் மானியமும் கடனும் உண்டு. இறுதிப் பகுதிக்கு விண்ணப்பதாரர் வைப்புத்தொகையும், சாலையைத் தோண்டிய பள்ளத்தை மூடுவதற்கான சீரமைப்புக் கட்டணமும், குழாய்ப் பணியாளரின் கூலியும் கொடுக்கிறார். இரண்டுக்கும் நடுவே, மெயின் முடிவடையும் தெருமுனையிலிருந்து புதிய வளாகத்தின் வாசல்வரை உள்ள தொலைவுக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

பேரூராட்சிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் பேரூராட்சி என்ற வகையை வரையறுத்தபோது, அவற்றின் வருவாய் பெரும்பாலும் வீட்டுவரியும் சந்தைக் குத்தகையும்தான். 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் திட்டங்களை வகுத்துக் கட்டும் பொறுப்பை ஏற்றது. நிலத்தடி நீர் உவர்ப்பேறிய கடலோர ஊர்களுக்குக் கொள்ளிடத்து ஆற்றுமணலிலிருந்து நீரைக் கொண்டு செல்லும் வேதாரண்யம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவை அதன் கைவண்ணம். ஆயினும் ஒரு திட்டம் அது வகுக்கப்பட்ட ஆண்டில் இருந்த குடியிருப்பையும், மக்கள்தொகை வளர்ச்சி பற்றிய ஒரு மதிப்பீட்டையும் கொண்டே தெருக்களை வரைகிறது. திட்டம் முடிந்தபின் எழும் கடைகளுக்கான நீட்டிப்பு, மன்றத் தீர்மானத்தின் வழியே பொதுநிதியிலிருந்தோ, பொதுமக்கள் பங்குத்தொகையோடு நடைபெறும் நமக்கு நாமே திட்டம் போன்றவற்றின் வழியே நன்கொடையாகவோ நிறைவேறவேண்டியதாயிற்று. வார்டு உறுப்பினரின் செல்வாக்கும் வணிகரின் அவசரமும் இணையும் இடத்தில் குழாய் விரைவாக நீண்டது. அவை இணையாத இடத்தில் கோப்பு கிடந்தது.

வணிகக் கட்டடம் கேட்கும் நீரின் அளவும் இங்கே கருதத்தக்கது. சாக்கடை இணைப்பு இல்லாத, குழாய்வழி நீர் பெறும் ஊர்களில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுப் பொதுச்சுகாதாரப் பொறியியல் கையேடு வகுத்த அளவு. உணவகத்துக்கு இருக்கை ஒன்றுக்கு 70 லிட்டர், தங்கும் விடுதிக்குப் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்றும் அது கணக்கிட்டது. நூறு இருக்கை கொண்ட ஓர் உணவகம் நூறு பேர் வாழும் ஒரு தெருவுக்குச் சமமான 7,000 லிட்டரை ஒரே இணைப்பில் இழுக்கும் என்பது இதன் பொருள். அத்தகைய நான்கைந்து கட்டடங்கள் மெயினின் நடுவில் அமைந்தால், கடைமடை வயலுக்கு நேரும் நீர்ப்பற்றாக்குறை கடைசித் தெருவுக்கும் நேர்கிறது. ஆகவே நீட்டிப்பின் செலவு என்பது புதிய குழாயின் விலை மட்டுமன்று; பழைய குழாயைப் பெரிதாக்கும் செலவும் தொட்டியின் கொள்ளளவைக் கூட்டும் செலவும் அதனுள் அடங்கும்.

மெயினுக்கும் வாசலுக்கும் இடையிலான இந்த நடுத்துண்டு போன்றவற்றுக்கு நிதி காணும் முயற்சிகளுள் சென்னைக்கு அருகிலிருந்த ஆலந்தூர் நகராட்சியின் முயற்சி பெரிதும் பேசப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக, பணி தொடங்கும் முன்பே வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்பு ஒன்றுக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகையாகத் திரட்டப்பட்டன. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டத்தின் எஞ்சிய பகுதிக்கு 1996இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் மானியமும் துணைநின்றன. தனியாகக் கடன்பத்திரம் வெளியிட இயலாத சிறிய உள்ளாட்சிகளுக்காக 2002இல் தமிழகம் கூட்டு நிதி முறையைக் கையாண்டது. 13 உள்ளாட்சிகளின் குடிநீர், சாக்கடைத் திட்டங்களுக்கு ஒரே கடன்பத்திரத்தின் வழியே 30.41 கோடி ரூபாய் திரட்டப்பட்டது.

கட்டடத்தை எழுப்புவோரிடமே வசூலிக்கும் வழியும் இதே காலத்தில் உருவானது. சென்னைக் குடிநீர் வாரியம் 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம் பெறத் தொடங்கியது. ஆனால் அந்தக் கட்டணத்தைக் கேட்டு அனுப்பப்பட்ட திட்ட அனுமதிக் கடிதங்களே, வளாகம் முழுவதற்கும் ஒரே தரைத்தொட்டிக்கு மட்டும், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் அளவில்தான் நீர் வழங்க இயலும் என்றும், மற்றத் தேவைகளுக்குக் கட்டுவோரே வழிதேடிக்கொள்ளவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தன. 2007இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம், உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்து, வணிகக் கட்டடங்களையும் அதன் வளையத்துக்குள் கொண்டுவந்தது. அவ்வாறு திரளும் பணம் செல்வதோ மாநில அளவிலான நிதிக்கு. கட்டணம் கட்டிய கடையின் தெருவுக்கே அது திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு மாறான ஒரு முறையை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காணலாம். அங்கே தனியார் குடிநீர் நிறுவனங்களுக்கான விதியின்படி, மெயினை நீட்டும் செலவைக் கட்டடம் எழுப்புவோர் முன்பணமாகச் செலுத்துகிறார். நிறுவனம் அதை ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடாக, நாற்பது ஆண்டுகளில், வட்டியின்றித் திருப்பித் தருகிறது. பணமும் குழாயும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டுண்டிருப்பதால், எந்தப் பணம் எந்தத் தெருவில் புதைந்தது என்பதில் ஐயம் எழுவதில்லை.

காவிரிப் படுகையின் பழைய வழக்கத்தோடு இவற்றை ஒப்பிட்டால், குறை வசூலில் இல்லை என்பது தெரியவரும். வைப்புத்தொகை, வரி, சீரமைப்புக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் எனப் புதிய வணிகக் கட்டடம் பல பெயர்களில் பணம் செலுத்தவே செய்கிறது. அந்தப் பணத்துக்கும் தன் வாசலுக்கு வரவேண்டிய குழாய்க்கும் தொடர்பு காணாத வணிகர் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் போதுமென ஒதுங்குகிறார். வீட்டுக்காரரைவிடக் கூடுதல் கட்டணம் தரக்கூடிய நுகர்வோர் இவ்வாறு விலகும்போது பேரூராட்சியின் நீர்க்கணக்கு மேலும் நலிகிறது. நலிந்த கணக்கால் அடுத்த நீட்டிப்பும் தள்ளிப்போகிறது. ஏரிப்பட்டியின் விளைச்சல் அந்த ஏரிக்கே உரியது என்று வகுத்த முறையையும், பெயருக்கு ஒருவர் உழைப்புக்கு வேறொருவர் என்ற குடிமராமத்தின் அநீதியையும் ஒருங்கே நினைவில் கொண்டு, நீட்டிப்புக்கு வாங்கும் பணத்தை அந்த ஊரின் தனிக்கணக்கில் நிறுத்தி, மெயின் கடந்து செல்லும் ஏழைத் தெருக்களுக்கும் அதே செலவில் இணைப்பு அளிக்கும் விதி அமையும்வரை, குடவாசல் போன்ற ஊர்களில் கடைத்தெரு ஒரு வேகத்திலும் குழாய் வேறொரு வேகத்திலும்தான் நீளும்.