வைக்கோல் முதல் பஃப் வரை: தேனி வட்டாரக் கூரைகளின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டின் சூட்டைத் தீர்மானிப்பது சுவரைவிடக் கூரைதான். தேனியும் கம்பமும் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறந்த முதல் சில நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது சுவரில் விழும் வெயில் சொற்பம்; கூரைதான் முழுவதையும் வாங்குகிறது. ஆகவே சூடு தடுக்கும் முயற்சிகள் எல்லாம் இங்கே கூரையிலேயே நடந்தன.

ஓலையும் வைக்கோலும்தான் பழைய கூரை. 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு கூடலூர் முதல் சின்னமனூர் வரை நெல் வயல்கள் இருபோகம் விளைந்தன. மாட்டுக்குப் போக மிஞ்சிய வைக்கோல் கூரைக்கு வந்தது. தென்னங்கிடுகு, பனையோலை, கரும்புச் சோகை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கூரையேறியது. கூரை மேய்வது லேசான வேலையில்லை. மூங்கில் வரிச்சுகளின் மேல் கீழ்ப்புறமிருந்து வரிசை வரிசையாக அடுக்கி, மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கு மலைக் கணவாய்களின் வழியே ஆனி, ஆடியில் இறங்கும் காற்றைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. இரண்டொரு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேயாவிட்டால் ஒழுகும், கரையான் ஏறும், தீப்பொறி பட்டால் தெருவே போகும்.

இத்தனை குறை இருந்தும் அந்தக் கூரையின் கீழே குளிர்ச்சியாக இருந்ததற்கு வைக்கோலைவிட வைக்கோலுக்குள் இருந்த காற்றுதான் காரணம். அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தாளின் உட்குழலிலும் தாளுக்கும் தாளுக்கும் இடையிலும் சிக்கிய காற்றே அரையடிக் கனக் கூரையின் உண்மையான பொருள். வேளார்கள் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓட்டிலும் இதன் சாயல் உண்டு. குழியோட்டின் மேல் கவிழ்த்த ஓடு, இரண்டுக்கும் நடுவே இடைவெளி. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய தட்டையான சீமை ஓட்டில் இந்த அடுக்கு போய்விட்டது. அதனாலேயே வசதியானவர்கள் சீமை ஓட்டின் கீழே பலகை மச்சு அடித்துக்கொண்டார்கள்.

காரை வீடுகள் வேறு வழியில் போயின. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக வரிசையிட்டுச் சுண்ணாம்பால் பிடித்து, அதற்கு மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டார்கள். இதைத்தான் கொத்தனார்கள் சுருக்கி என்கிறார்கள். உருதுவில் இருந்து வந்த இந்தச் சொல் முதலில் செங்கற்பொடியைக் குறித்தது. பெரியாறு அணையின் உள்ளுடலும் இதே சுண்ணாம்புச் சுருக்கிக் கலவைதான். வீட்டுத் தளத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரத்தட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும் ஓசை மந்தமாக இருக்கும்வரை தளம் இறுகவில்லை என்று பொருள். கணீரென்று கேட்டால்தான் மேலே தட்டோடு பதிக்கத் தொடங்கலாம். சுருக்கி முதலில் மழைக்காக; வெயிலுக்கு அது தந்த தடுப்பு கூடுதல் லாபம். ஜல்லியின் நுண்துளைகளில் இருந்த காற்றால், அதே கனக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி வெப்பத்தையே அது கடத்தியது.

அடைபட்ட காற்றின் அருமையை இந்த மாவட்டத்தில் மிக நன்றாகக் காட்டும் பொருள் கூரைக்கு வெளியே இருந்தது. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். போடி மலைச் சரிவுகளில் காய்த்த இலவங்காய்கள் வெயில் காலத்தில் இறங்கி, பஞ்சு பிரிக்கப்பட்டு மெத்தையாகவும் தலையணையாகவும் வெளியூர் போகும். இலவு காத்த கிளிக்கு ஏமாற்றமே மிஞ்சினாலும் வியாபாரிக்கு அந்தப் பஞ்சு நல்ல சரக்கு. ஒவ்வொரு இழையும் மெல்லிய சுவருடைய வெற்றுக்குழல், பெரும்பகுதி காற்று, மேலே மெழுகுப்பூச்சு, ஆகையால் நனையாது. தண்ணீரில் மிதக்கும் குணமும் வெப்பத்தைத் தடுக்கும் குணமும் ஒரே காரணத்தால் வந்தவை. உலகச் சந்தையில் ஜாவா தீவின் இலவம்பஞ்சு உயிர்காப்பு உடைகளிலும் குளிர்பதனப் பெட்டிகளின் சுவரிலும் அடைக்கப்பட்டது. 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு அது நின்றுபோனது. அதே ஆண்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பாலிஸ்டைரீன் நுரையால் ஆன மிதவையை ஏற்றுக்கொண்டது. இலவம்பஞ்சு செய்துவந்த இரண்டு வேலைகளையும் அடுத்த சில பத்தாண்டுகளில் நுரை எடுத்துக்கொண்டது. போடியில் மெத்தைக் கடைகளுக்குள்ளும் ஃபோம் நுழைந்தது.

நுரைகளில் இரண்டு இங்கே அறிமுகமானவை. ஒன்று தெர்மோகோல், மணி மணியாகப் பொரிந்த பாலிஸ்டைரீன், 1950ஐ ஒட்டி ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் உருவானது. மற்றது பஃப் எனப்படும் பாலியூரித்தேன். 1937இல் ஓட்டோ பேயர் கண்டறிந்த வேதியியலில் பிறந்தது. ஓர் அங்குல பஃப், ஐந்தடிக்கும் மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட் தடுக்கும் அளவு வெப்பத்தைத் தடுக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் பஃப் பலகைக்கு முதலில் வேலை கிடைத்தது மனிதர் குடியிருக்கும் வீட்டில் அன்று. வாழைக்கும் திராட்சைக்குமான குளிர்பதன அறைகளில். தெர்மோகோலோ 2017 ஏப்ரலில் தேனி மாவட்டத்து வைகை அணையில் நாடறிந்த சொல்லானது. நீர் ஆவியாவதைக் குறைக்க அன்றைய தமிழக அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் மிதக்கவிட்ட அட்டைகளைக் காற்று உடனே கரைக்குத் தள்ளிவிட்டது. ஊரே சிரித்தது. நுரைக்கு எடை கிடையாது, மேலே பாரம் ஏற்றாமல் அது நிற்காது என்ற பாடம் மொட்டைமாடிக்கும் பொருந்தும்.

வீடுகளுக்கு நுரை தேவைப்படக் காரணம் கான்கிரீட். 2004 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மடிந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை அகற்றப்பட்டது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த பசுமை வீடுகள் திட்டத்தின் வீடு ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தீயும் ஒழுகலும் போனது பெரிய விடுதலை. ஆனால் நாலைந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு அதைக் கீழே விடுகிறது. சிக்கனத்தில் பல வீடுகள் சுருக்கியையும் விட்டுவிட்டன. பாயை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது இரவு வழக்கமானது.

இருக்கும் வீட்டில் நுரை ஏற்ற இரண்டு இடங்கள் உண்டு. தளத்தின் அடியில் தெர்மோகோல் ஒட்டி ஃபால்ஸ் சீலிங் அடிப்பது மலிவு. ஆனால் கான்கிரீட் சூடேறுவதை அது தடுக்காது. மேலே போடுவதே சரியான முறை. மாடியைச் சுத்தம் செய்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, பஃப்பின் இரண்டு திரவங்களைக் குழாய் முனையில் கலந்து பீய்ச்சுவார்கள். தெளித்த சில நொடிகளில் அது பால் பொங்குவதுபோல் முப்பது மடங்கு வரை உப்பி, நிமிடங்களில் கெட்டியாகும். வெயில் நேரே பட்டால் நுரை மஞ்சளாகிப் பொடிந்துவிடும். ஆகவே மேலே கோழிவலை விரித்துச் சிமென்ட் தளமும் வெள்ளை ஓடும் வேண்டும். பீய்ச்சாமல் பலகையாகப் போட்டால், அதைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பதும் அந்தத் தளம்தான். நுரை எரியக்கூடியது என்பதால் அறைக்குள் திறந்தபடி விடுவது ஆபத்து. நுரையை உப்பவைக்கப் பயன்பட்ட எச்சிஎஃப்சி-141பி ஓசோனைக் கெடுப்பதால் இந்தியா அதன் இறக்குமதியை 2020 தொடக்கத்தில் நிறுத்தியது. சைக்ளோபென்டேன் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன.

பழைய காரை வீடுகளில் நுரை ஏற்றும்போது சுருக்கியை என்ன செய்வது என்ற கேள்வி எழும். வெடிப்பில்லாமல் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சுருக்கியை அப்படியே விட்டு மேலே ஏற்றுவார்கள். பொதபொதவென்று ஒலித்தால் ஈரம் உள்ளே தங்கியிருக்கிறது. மேலே நுரை போட்டு மூடினால் அந்த ஈரம் கீழே விட்டத்துக்குத்தான் இறங்கும். அத்தகைய தளத்தை உளிவைத்துப் பெயர்த்து, தேக்கு விட்டம் உலரும்வரை காத்திருந்த பிறகே வேலை தொடங்கும்.