சப்போர்ட்டும் சஃபரும்

நேத்து ராத்திரி 2 மணிக்கு போன். சர்வர் படுத்துடுச்சு. 'சப்போர்ட்' டீம்ல இருந்தா அப்படித்தான். சரிபண்ணி முடிச்சும் தூக்கம் வரலை. இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு அகராதியைப் புரட்டினேன்.

லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக வந்து குவிந்த சொற்களில் இதுவும் ஒன்று. 14-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. 'ஹெல்ப்' அதுக்கு முன்னாடியே இருந்த சொந்தச் சரக்கு.

விஷயம் இனிமேதான். 'ஃபெர்ரே' என்றாலும் லத்தீனில் சுமப்பதுதான். அதோட 'சப்' சேர்ந்து வந்தது 'சஃபர்'! ஆதரவு தர்றதும் அவஸ்தைப்படறதும் ஒரே அச்சு. ஆங்கில சப்போர்ட்டுக்கே முதலில் 'பொறுத்துக்கொள்' என்ற அர்த்தமும் இருந்தது. அந்த வாசனை 'இன்சப்போர்ட்டபிள்'ல மிச்சமிருக்கு. பிரெஞ்சுல இன்னிக்கும் 'சுப்போர்த்தே'ன்னா சகிச்சுக்கறது.

நம்ம 'தாங்கு'வும் இதே கதைதான். தூண் கூரையைத் தாங்குது. வலி தாங்க முடியலை. (லத்தீனோட உறவெல்லாம் இல்லை மக்களே, கிளம்பிடாதீங்க!)

டெவலப்மெண்ட்டுக்கு மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன். காலையில மேனேஜர்கிட்டேர்ந்து மெயில்: "உன் சப்போர்ட்டுக்கு நன்றி." எந்த அர்த்தத்துலன்னு கேட்கலை.