வாற்கோதுமை நோயும் குளம்பு நோயும்

குதிரையின் குளம்பு நோய்களுள் மிகக் கொடியது, குளம்புச் சுவரை அகத்தெலும்போடு பிணைக்கும் மெல்லிய தகடுகள் தளரும் நோயாகும். பிணைப்புத் தளரவே உடற்பாரம் தாங்காது எலும்பு கீழிறங்கும். குதிரை நிற்கவும் இயலாது வருந்தும். இந்நோயின் வரலாறு கூறப் புகுவோர், கிரேக்கர் வழங்கிய ‘கிரிதியாசிஸ்’ என்னும் சொல்லை அதன் பழம்பெயராகக் கொள்வதுண்டு. ‘கிரிதே’ என்பது வாற்கோதுமை. எனவே அச்சொல் வாற்கோதுமையால் வரும் நோயைக் குறிக்கும். இக்கொள்கை முற்றும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டினராகிய செனபோன், தம் குதிரையேற்ற நூலில், தீனியை ஒதுக்கும் குதிரைக்கு வாற்கோதுமை நோய் தோன்றியிருத்தலும் கூடும் என்பர். ஆயின், அந்நோயைக் குளம்போடு இயைத்து அவர் கூறினாரல்லர். அந்நூற்றாண்டினராகிய அரிஸ்டாட்டிலோ, விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் இரண்டையும் வேறு பிரித்துரைக்கின்றார். வாற்கோதுமை நோய் தொழுவக் குதிரைகட்கு உரியது; அண்ணம் மென்மையுறுதலும் மூச்சு வெம்மையுறுதலும் அதன் அறிகுறிகள். மேய்ச்சல் நிலத்துக் குதிரைகட்கோ கால் நோய் ஒன்றே உண்டு. அதனால் அவை சிலபோது குளம்பையும் இழக்கும். இழந்த குளம்பு மீண்டும் வளரும் என்கின்றார்.

தானியம் உண்ணாது புல் மேயும் குதிரைக்குக் குளம்பு நோய் வருவதேன்? இதற்கு விடை காண 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் வெளியிட்ட ஆய்வு துணைபுரிகின்றது. நலமுடைய மட்டக்குதிரைகளின் குருதியில் சர்க்கரையை இயல்பளவில் நிறுத்தி, இன்சுலின் என்னும் ஹார்மோனை மட்டும் மிகுதியாக நிலவச் செய்தனர். 72 மணி நேரத்திற்குள் அவையனைத்தும் குளம்பு நோயுற்றன. தீனி மிகையின்றியே ஹார்மோன் மிகையால் இந்நோய் தோன்றும் என்பது இதனாற் பெறப்பட்டது. இளம்புல்லிலும் சர்க்கரை உண்டு; உடல் பருத்த மட்டக்குதிரைகள் பலவற்றில் அதனால் இன்சுலின் அளவிறந்து சுரக்கும்.

தானியத்தை மிகுதியாக உண்டு, குடலில் அது புளித்தலாலும் குளம்பு கெடும் என்பது உண்மையே. ஆதலின் வாற்கோதுமையின்மேல் ஏற்றிய பழி அடிப்படையற்றதன்று. எனினும், ஹார்மோன் வழிப்பட்ட குளம்பு நோய்க்குப் பண்டைச் சான்று தேடுவோர், வாற்கோதுமை என்னும் பெயரினும், மேய்ச்சற் குதிரையின் கால் நோயைக் கூறும் பகுதியையே முதற்கண் நோக்குதல் தகும். அப்பகுதி கூறுவதும் இந்நோயையே எனத் துணிதற்கு அதிலுள்ள குறிகள் போதா. ஆயினும், தானியத்தை விலக்கிவிட்டால் குதிரைக்கு ஏதமில்லை எனக் கருதுவார்க்கு, புல்வெளியிலும் குளம்பு கெடும் என்னும் அப்பழங்குறிப்பு இன்றும் பயன்படும்.