உறங்கா நகரின் உறங்காச் சிறுவர்

பகலிலே பள்ளி, இரவிலே பாட்டு. மதுரையில் வளர்ந்த நமக்கு இளமை என்றதும் நெஞ்சில் எழுபவை இவ்விரண்டே. உறங்கா நகரமென்பது நேற்றுச் சூட்டிய பெயரன்று; அல்லங்காடியின் ஆரவாரத்தை மதுரைக் காஞ்சியிலேயே பாடிவைத்தார் மாங்குடி மருதனார்.

ஆனால், நம் பாட்டனார் காலத்து இரவுகளுக்கு இசையூட்டியவர் யார்? வரலாற்றைக் கேட்டால் நெஞ்சம் கனக்கிறது. 1918-ல் சங்கரதாசு சுவாமிகள் இம்மாநகரில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். நடிகர்கள் சிறுவர்கள்! அதில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்திற்கு அகவை 6. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.ஜி.ஆரும் பள்ளியைத் தொடக்க வகுப்பிலேயே விட்டவர்தாம்.

கலை வேட்கையா அவர்களை அழைத்தது? வேட்கையும் உண்டு, அதனினும் வலிது வயிற்றுப்பசி. பாட்டுப் பயிற்சியோடு சோறும் தந்தது கம்பெனி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாடும் வேடம் போயிற்று. திரும்பிச் செல்லப் பள்ளியும் இல்லை. புகழ் பெற்றோரை நாடு அறியும். குரலோடு வாழ்வும் உடைந்தோரை எவர் அறிவார்?

6 முதல் 14 அகவை வரை கல்வி அடிப்படை உரிமை என்றது 2002-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம். திரையிலும் தொலைக்காட்சியிலும் சிறுவர் நடிக்கலாம், ஆனால் படிப்புக் கெடலாகாது என்றது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நிபந்தனை ஏட்டுச் சுரைக்காய் ஆகலாமா? பாடும் பிள்ளையைப் பாராட்டுவோம். அப்பிள்ளை மறுநாள் காலை வகுப்பில் இருக்கிறதா என்றும் கேட்போம். ஆசிரியராகிய நம் கடமை அது. கைதட்டுவோர் கடமையும் அதுவே.