சத்தியமும் கையொப்பமும்

மறைசாட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்களுடைய நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்பவர்களாகவே இருப்பர். இதற்கு விதிவிலக்குகள் சிலவே. அவற்றுள் ஒன்று நம் காலத்துக்கு அண்மையது. 1535ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் லண்டனில் தலை வெட்டுண்டு இறந்த புனித தாமஸ் மோரை, இருபதாம் நூற்றாண்டு மக்களின் கண்முன் மீண்டும் நடமாட வைத்தவர் ஓர் ஆங்கிலேய நாடகாசிரியர். ராபர்ட் போல்ட் என்பது அவர் பெயர். தாம் கத்தோலிக்கர் அல்லர் என்றும், முழுமையான பொருளில் கிறிஸ்தவர் என்றுகூடத் தம்மைச் சொல்லிக்கொள்ள இயலாது என்றும் தம் நாடகத்தின் முன்னுரையிலேயே அவர் அறிவித்துவிட்டார். அவருடைய வாழ்வில் இரண்டு வார நிகழ்ச்சி ஒன்று உண்டு. மனச்சான்றைப் பற்றி எளிதாகப் பேசிவிடும் நம்மை அது நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது.

அன்னையின் விண்ணேற்பை நாம் கொண்டாடும் ஆகஸ்டு 15ஆம் நாளில், 1924ஆம் ஆண்டு, மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள சேல் என்னும் ஊரில் போல்ட் பிறந்தார். தந்தை சிறிய மரச்சாமான் கடை நடத்தியவர். குடும்பத்தினர் மெதடிஸ்ட் சபையினர். பள்ளிப் படிப்புக்குப் பின் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் சிறிது காலம் வேலை செய்தார். இளமையின் வேகத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதைவிட்டு விலகினார். இரண்டாம் உலகப் போரில் படைப்பணி ஆற்றினார். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியரானார். மில்பீல்ட் என்னும் பள்ளியில் கற்பித்துக்கொண்டே பி.பி.சி. வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். 1957இல் லண்டனில் மேடையேறிய 'பிளவரிங் செர்ரி' வெற்றி பெறவே, ஆசிரியப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

1954இல் வானொலி நாடகமாகத் தாம் எழுதிய தாமஸ் மோரின் கதையை அவர் விரித்தெழுதினார். 'எ மேன் பார் ஆல் சீசன்ஸ்' என்னும் அந்நாடகம் 1960ஆம் ஆண்டு சூலை முதல் நாள் லண்டனில் அரங்கேறியது. மோராக நடித்தவர் பால் ஸ்கோபீல்ட். எட்டாம் ஹென்றி மன்னன் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனாக்கிக்கொண்ட வரலாற்றை நாம் அறிவோம். அரசின் தலைமை அமைச்சராயிருந்த மோர் 1532இல் பதவி துறந்தார். 1534இல், அரசியின் வாரிசுரிமையைப் பற்றிய சட்டத்தின்படி கேட்கப்பட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்தார். ஓராண்டுக்கு மேல் லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தார். போல்ட்டின் மோர் சாவைத் தேடி ஓடுபவர் அல்லர். வீட்டையும் மகளையும் நல்ல உரையாடலையும் நேசிப்பவர். சட்டம் தரும் ஒவ்வொரு புகலிடத்திலும் ஒதுங்கி நின்று, இனி ஒதுங்க இடமில்லை என்ற நிலையில் மட்டுமே உயிரைக் கொடுப்பவர்.

அந்நாடகத்தில் 'சாமானியன்' என்றொரு பாத்திரம் உண்டு. அவனே மோரின் பணியாள், அவனே படகோட்டி, அவனே சிறைக்காவலன். முடிவில் கொலைஞனும் அவனே. தீயவன் அல்லன், பிழைக்கத் தெரிந்தவன், அவ்வளவே. பார்ப்போர் தம்மை அவனிடம் கண்டுகொள்ளவேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம். அடுத்த ஆண்டிலேயே அச்சோதனை ஆசிரியரிடமே வந்தது.

அணு ஆயுதங்களை எதிர்த்து அறப்போர் நடத்திய 'நூற்றுவர் குழு'வில் போல்ட் உறுப்பினர். மெய்யியலாளர் பெர்ட்ரண்டு ரசல் அதன் தலைவர். 1961 செப்டம்பரில் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பெரும் மறியல் நடத்த அக்குழு திட்டமிட்டது. அதற்கு முன்பே உறுப்பினர்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டனர். அமைதி காப்பதாக நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம்; மறுத்தால் சிறை. 89 வயது ரசல் மறுத்துச் சிறை சென்றார். போல்ட்டும் மறுத்தார், ஒரு மாதத் தண்டனை பெற்றார்.

அப்போது 'லாரன்ஸ் ஆப் அரேபியா' திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்தது. திரைக்கதை எழுதியவர் போல்ட். அது இன்னும் முடியவில்லை. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் சிறைக்கே வந்தார். நீர் இங்கே இருந்தால் படம் நின்றுபோகும், அதை நம்பியிருக்கும் அத்தனை பேரின் பிழைப்பும் போகும் என்று வாதாடினார். இரண்டு வாரம் கழித்துப் போல்ட் பத்திரத்தில் கையொப்பமிட்டு வெளியே வந்தார். கையொப்பமிட மறுத்து உயிர்விட்டவரைப் பற்றிய அவரது நாடகம் அதே ஆண்டு நவம்பர் 22இல் நியூயார்க் நகரில் அரங்கேறி, 637 முறை நடைபெற்றது. அந்தக் கையொப்பத்தை எண்ணி அவர் பின்னர் ஆழ்ந்து வருந்தினார்.

அவரை நாம் தீர்ப்பிடலாமா? மோருக்கு வந்த கடுமையான சோதனையும் அன்பின் வடிவிலேயே வந்தது. அருமை மகள் மார்கரெட் சிறைக்கு வந்து, பிரமாணத்தைச் செய்துவிடும்படி தந்தையிடம் மன்றாடினாள். அச்சுறுத்தலை எதிர்த்து நிற்பவர்கூடப் பிறருடைய கண்ணீரின் முன் தளர்ந்துவிடுவது உண்டு. போல்ட்டைத் தளரச் செய்ததும் தம் நலம் மட்டும் அன்று, பிறர் பிழைப்பும்கூட.

ஆயினும் இறையியல் நோக்கில் ஒன்று சொல்லவேண்டும். சத்தியம் செய்பவன் தன்னையே பிணையாக வைக்கிறான். அதை மீறினால் தன்னையே இழக்கிறான் என்பது போல்ட்டின் கருத்து. இது உயர்ந்த கருத்து. ஆனால் வரலாற்று மோர் தம்மைக் காத்துக்கொள்வதற்காக மட்டும் இறக்கவில்லை. அரசனின் ஊழியனாகவும், அதற்கு முன் இறைவனின் ஊழியனாகவும் இறப்பதாகச் சொல்லியே அவர் கொலைமேடையில் தலை வைத்தார். மனச்சான்று மனிதனின் உள்ளத்திலுள்ள கருவறை என்றும், அங்கே அவன் இறைவனோடு தனித்திருக்கிறான் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. இந்த வேறுபாடு சிறிதன்று. மனச்சான்றில் 'நான்' மட்டுமே இருப்பேனாகில், நான் உடைந்தபின் அங்கே எவரும் இல்லை. இறைவன் அங்கே இருப்பாராகில், விழுந்தவனுக்கும் நோக்க ஒரு முகம் உண்டு. சேவல் கூவியபின் பேதுரு கண்டது அம்முகத்தையே அன்றோ?

போல்ட்டின் வெளிவாழ்வு பின்னர் புகழில் உயர்ந்தது. 'டாக்டர் ஷிவாகோ' திரைக்கதைக்கும், 1966இல் படமான தாமஸ் மோர் நாடகத்தின் திரைக்கதைக்கும் ஆஸ்கார் விருது பெற்றார். 1979இல் பக்கவாதம் அவரைத் தாக்கி, உடலின் ஒரு பக்கத்தையும் பேச்சையும் முடக்கியது. சொல்லால் வாழ்ந்தவர் சொற்களை மீண்டும் தேடிக் கற்றார். 1986இல் அவர் எழுத்தில் 'தி மிஷன்' வெளிவந்தது. தென் அமெரிக்காவில் குவாரனி மக்களிடையே பணிபுரிந்த இயேசு சபைத் துறவியரின் கதை அது. படை நெருங்குகையில் ஒருவர் ஆயுதம் ஏந்துகிறார். மற்றொருவர் நற்கருணையை ஏந்தி மக்களோடு நடக்கிறார். இருவருமே மடிகின்றனர். யார் செய்தது சரி என்று போல்ட் தீர்ப்பு எழுதவில்லை. 1995 பிப்ரவரி 20இல் அவர் இறந்தார். திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி அதே ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், சமயப் பிரிவில், அவருடைய தாமஸ் மோர் படமும் 'தி மிஷன்' படமும் இடம்பெற்றன.

நம்மில் எவரிடமும் எந்த மன்னனும் பிரமாணம் கேட்கப்போவதில்லை. ஆனால் உண்மையல்லாத கணக்கின்கீழ், நேரில் பாராத ஆய்வு அறிக்கையின்கீழ், அயலானை வருத்தும் புகார் மனுவின்கீழ் நம் கையொப்பம் கேட்கப்படும் நாள் உண்டு. பிள்ளைகளின் படிப்பும் வேலையின் பாதுகாப்பும் அப்போது மார்கரெட்டின் குரலில் பேசும். மறுக்கும் வலிமையை அந்நாளில் புனித தாமஸ் மோர் நமக்குப் பெற்றுத் தருவாராக. முன்னரே கையொப்பமிட்டுவிட்டவர்களாக நாம் இருந்தால், அதை நியாயப்படுத்தாமல் போல்ட்டைப் போல வருந்துவோம். அவ்வருத்தத்தோடு பேதுருவைப் போல ஆண்டவரின் முகத்தை நோக்குவோம்.