ஐ.நா. பாதுகாப்புச் சபைச் சீர்திருத்தம்

ஐக்கிய நாடுகள் அமைப்பின் பாதுகாப்புச் சபையில் எத்தனை நாடுகள் இருக்கலாம், எவை நிரந்தரமாக அமரலாம், வீட்டோ அதிகாரத்துக்கு வரம்பு உண்டா, சபை எப்படிக் கூடி முடிவெடுக்க வேண்டும் என்ற கேள்விகளை ஒட்டி 1945 முதல் நடந்துவரும் முயற்சிகள் பாதுகாப்புச் சபைச் சீர்திருத்தம் எனப்படுகின்றன. உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் முடிவை எடுக்க ஐ.நா. சாசனம் அதிகாரம் தந்திருப்பது இச்சபைக்கே. தடை விதிப்பதும், படை அனுப்ப அனுமதிப்பதும் இதன் கையில் இருக்கின்றன. இன்று இதில் 15 உறுப்பினர்கள் உள்ளனர். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். இவற்றுள் ஒன்று எதிர்த்து வாக்களித்தாலே முக்கிய முடிவு எதுவும் நின்றுவிடும்; அந்த அதிகாரமே வீட்டோ. மற்ற பத்து நாடுகள் பொதுச்சபையால் ஈராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

சபையின் அமைப்பு சாசனத் திருத்தத்தின் மூலம் மாறியது ஒரே ஒருமுறை, 1965-இல். பிற மாற்றங்கள் யாவும் சாசனத்தில் கைவைக்காமல், வழக்கத்தாலும் பொதுச்சபைத் தீர்மானங்களாலும் வந்தவை.

முன்னோடி: சர்வதேச சங்கம்

நிரந்தர இடம் பற்றிய சண்டை ஐ.நா.வுக்கும் முந்தையது. முதல் உலகப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கத்தின் நிர்வாக சபை, 1920-இல் நான்கு நிரந்தர உறுப்பினர்களோடும் நான்கு தற்காலிக உறுப்பினர்களோடும் தொடங்கியது. தற்காலிக இடங்கள் 1922-இல் ஆறாகவும் 1926-இல் ஒன்பதாகவும் கூடின. 1926-இல் ஜெர்மனிக்கு நிரந்தர இடம் தர முயன்றபோது, தனக்கும் அது வேண்டும் என்று பிரேசில் குறுக்கே நின்றது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது சங்கத்தின் விதி என்பதால், ஒரு நாட்டின் மறுப்பே போதுமானதாக இருந்தது. சில மாதங்களில் ஜெர்மனி உள்ளே வந்தது. பிரேசில் சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதே பிரேசில் நூறாண்டு கழித்தும் அதே கோரிக்கையோடு காத்திருக்கிறது.

சாசனமும் வீட்டோவும்

ஐ.நா.வின் வரைவு 1944-இல் வாஷிங்டனின் டம்பார்டன் ஓக்ஸ் மாளிகையில் உருவானது. வாக்களிப்பு முறை 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் முடிவானது. அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியபோது, பெரிய நாடுகள் வீட்டோவை ஏற்கெனவே தங்களுக்குள் பேசி முடித்திருந்தன. ஆஸ்திரேலியாவின் வெளியுறவு அமைச்சர் எவாட் தலைமையில் சிறிய, நடுத்தர நாடுகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அமெரிக்கக் குழுவிலிருந்த செனட்டர் டாம் கானலி எழுந்து, வீட்டோவைத் தோற்கடித்தால் சாசனத்தையே கிழித்தெறிந்ததாக ஆகும் என்று எச்சரித்தார். பேசிக்கொண்டே கையிலிருந்த சாசன வரைவை எல்லோர் கண்முன்னும் கிழித்துப் போட்டார். வீட்டோ இல்லையென்றால் ஐ.நா.வே இல்லை என்ற செய்தி எல்லோருக்கும் புரிந்தது.

ஜூன் 26 அன்று சாசனம் கையெழுத்தானது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவின் சார்பில் ஆற்காடு இராமசாமி முதலியாரும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் கையெழுத்திட்டனர். முதலியார் அடுத்த ஆண்டு பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். தொடக்க உறுப்பினர்களான 51 நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு மட்டுமே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கான மக்கள் இன்னும் அடிமைப்பட்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இது என்பதை மறந்துவிட்டுப் பின்வந்த கோரிக்கைகள் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

சாசனத்தைத் திருத்தும் வழியை 108-ஆம் பிரிவு வகுக்கிறது. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் தத்தம் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். அவற்றுள் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். வீட்டோவைக் குறைக்கும் திருத்தத்துக்கும் வீட்டோ உண்டு. சிறிய நாடுகளைச் சமாதானப்படுத்த, பத்தாண்டு கழித்துச் சாசனத்தை மறுஆய்வு செய்யும் மாநாடு பற்றி 109-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். தகுந்த நேரத்தில் நடத்தலாம் என்று 1955-இல் பொதுச்சபை முடிவு செய்தது. அந்த நேரம் இன்றுவரை வரவில்லை.

வழக்கத்தால் வந்த மாற்றங்கள்

முதல் வீட்டோவை 1946 பிப்ரவரியில், சிரியா, லெபனான் பற்றிய தீர்மானத்தின்மீது சோவியத் ஒன்றியம் செலுத்தியது. பனிப்போர் மூண்டதும் சபை அடிக்கடி முடங்கியது. அந்த நெருக்கடியே சில புது வழிகளைத் திறந்துவிட்டது.

சாசனத்தின் வாசகப்படி, முக்கிய முடிவுகளுக்கு நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்குகள் தேவை. ஆனால் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது வீட்டோ ஆகாது என்பது தொடக்க ஆண்டுகளிலேயே வழக்கமானது. அந்த வழக்கம் செல்லும் என்று 1971-இல் நமீபியா பற்றிய கருத்துரையில் சர்வதேச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனக்கு விருப்பமில்லாத தீர்மானத்தை ஒரு வல்லரசு தடுக்காமல் விட்டுவிட இதனால் வழி கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் கொரியப் போரின்போது வந்தது. சபை முடங்கினால் பொதுச்சபை அவசரமாகக் கூடிப் பரிந்துரை செய்யலாம் என்று, அமைதிக்காக ஒன்றுபடுதல் என்ற பெயரில் 1950 நவம்பரில் பொதுச்சபை தீர்மானித்தது. 1956-இல் சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டபோது இந்த வழி கைகொடுத்தது. அவசரக் கூட்டத்தின் விளைவாக ஐ.நா.வின் முதல் ஆயுதந்தாங்கிய அமைதிப்படை எகிப்துக்குப் புறப்பட்டது.

1963–65 விரிவாக்கம்

தொடக்கத்தில் சபையில் 11 இடங்கள் இருந்தன. தேர்ந்தெடுக்கப்படுபவை அவற்றுள் ஆறு. அவற்றை லத்தீன் அமெரிக்காவுக்கு இரண்டு, மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, பிரிட்டிஷ் காமன்வெல்த் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று என்று 1946-இல் எழுதப்படாத ஓர் உடன்பாட்டின்படி பங்கிட்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கென்று அதில் இடமே இல்லை. 1960-இல் மட்டும் 16 ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வில் சேர்ந்தன. 1963 இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை 113 ஆனது.

அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று, தேர்ந்தெடுக்கப்படும் இடங்களை ஆறிலிருந்து பத்தாக உயர்த்தும் தீர்மானம் பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 97, எதிராக 11, நடுநிலை 4. சோவியத் ஒன்றியமும் பிரான்சும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கி நின்றன. நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்தது, அப்போது சீனாவின் இடத்தில் இருந்த தைவான் அரசு மட்டுமே. ஐந்தில் நான்கின் ஆதரவு இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது. ஆயினும் இரண்டே ஆண்டுகளுக்குள் ஐந்தும் அதை உறுதிசெய்தன. 1965 ஆகஸ்ட் 31 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் நட்புக்காக இரு வல்லரசு அணிகளும் போட்டியிட்ட காலம் அது. அத்தனை நாடுகளும் ஒரே குரலில் கேட்டபோது, மறுத்தவர் என்ற பெயரை வாங்க எவரும் தயாராக இல்லை. இந்த வரலாற்றிலேயே அதிகம் கற்றுத்தருவது இந்த இரண்டாண்டுதான்.

இடங்கள் மாறாமல் இடத்துக்குரியவர் மாறியதும் உண்டு. 1971-இல் சீனாவின் இடம் பீஜிங் அரசுக்குப் போனது. 1991-இல் சோவியத் ஒன்றியத்தின் இடத்தில் ரஷ்யா அமர்ந்தது.

இடங்களுக்கான போட்டி

1979-இல் இந்தியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து, சபையில் நியாயமான பிரதிநிதித்துவம் என்ற பொருளைப் பொதுச்சபையின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்தன. பனிப்போர் முடிந்த பின், 1993-இல், இதற்கென்றே எல்லா நாடுகளும் பங்கேற்கும் பணிக்குழு அமைந்தது. 1997-இல் பொதுச்சபைத் தலைவராக இருந்த மலேசியாவின் ரசாலி இஸ்மாயில், வீட்டோ இல்லாத ஐந்து நிரந்தர இடங்களையும் நான்கு தற்காலிக இடங்களையும் சேர்த்துச் சபையை 24 ஆக்கும் திட்டத்தை முன்வைத்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

மிக நெருங்கி வந்து நழுவிய வாய்ப்பு 2005-இல் வந்தது. பொதுச்செயலர் கோஃபி அன்னான் அமைத்த உயர்நிலைக் குழு இரண்டு மாதிரிகளைத் தந்திருந்தது: ஒன்றில் வீட்டோ இல்லாத ஆறு புதிய நிரந்தர இடங்கள், மற்றதில் திரும்பத் தேர்வாகக்கூடிய எட்டு நான்காண்டு இடங்கள். இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் ஆகியவை நால்வர் அணியாகச் சேர்ந்து, ஆறு நிரந்தர இடங்களோடு சபையை 25 ஆக்கக் கோரின. இத்தாலி, பாகிஸ்தான் போன்றவை அடங்கிய எதிரணி, தற்காலிக இடங்களை மட்டும் கூட்டினால் போதும் என்றது. ஆப்பிரிக்க ஒன்றியமோ, ஆப்பிரிக்க நாடுகளின் பொது நிலைப்பாடான எசுல்வினி உடன்பாட்டின்படி, வீட்டோவுடன் இரண்டு நிரந்தர இடங்களைக் கேட்டது. அப்போதைய 191 உறுப்பினர்களில் 128 வாக்குகள் வேண்டும். ஆப்பிரிக்க ஆதரவு இல்லாமல் நால்வர் அணிக்கு அது எட்டாது. இரு தரப்பும் கடைசிவரை ஒரே வரைவுக்கு வரவில்லை. மூன்று வரைவுகளும் வாக்கெடுப்பின்றிக் காலாவதியாயின.

1963-க்கும் 2005-க்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது. முன்பு கேட்டது ஒரு கண்டத்தின், ஒரு தலைமுறையின் இடம். பின்பு கேட்டது இன்னின்ன நாட்டுக்கு என்று பெயர் எழுதிய இடம். ஒரு நாடு நிரந்தரமாக அமர்ந்தால், அதன் அண்டை நாடு நிரந்தரமாக வெளியே நிற்க வேண்டியதாகிறது. 2009 முதல் அரசுகளுக்கிடையிலான பேச்சு ஆண்டுதோறும் நடந்தாலும், எல்லோரும் ஒப்புக்கொண்ட வரைவு ஒன்று இன்னும் உருவாகவில்லை.

நடைமுறைச் சீர்திருத்தமும் இலங்கையும்

இடங்களைப் பற்றிய பேச்சு தேங்கிய காலத்தில், சபை கூடும் முறை ஓரளவு மாறியது. 1992-இல் வெனிசுலாவின் தூதர் டியேகோ அர்ரியா, போஸ்னியப் பாதிரியார் ஒருவரின் நேரடிச் சாட்சியத்தைச் சபை உறுப்பினர்கள் முறைசாராமல் கேட்க ஏற்பாடு செய்தார். அதுவே அர்ரியா முறை என்ற பெயரில் நிலைத்தது. ஆனால் சபையின் நடைமுறை விதிகள் 1946-இல் தற்காலிகமாக ஏற்கப்பட்டவை. இன்றும் அவற்றின் பெயர் தற்காலிக விதிகளே.

நடைமுறை என்பது வெறும் அலுவலகச் சமாச்சாரம் அன்று என்பதைத் தமிழர் நன்கறிவர். 2009-இல் இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் வன்னியில் மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இலங்கை இடம்பெறவே இல்லை. உறுப்பினர்கள் அதிகாரபூர்வக் கூட்டத்துக்கு வெளியே, முறைசாராக் கலந்துரையாடல்களில்தான் அதைப் பேசினர். வீட்டோ போடப்படவில்லை; போட வேண்டிய தேவையே எழவில்லை, ஏனெனில் வாக்கெடுப்புக்கு எதுவும் வரவில்லை. பொதுச்செயலர் அமைத்த உள்ளகக் குழு, சார்லஸ் பெட்ரியின் தலைமையில் ஆராய்ந்து, ஐ.நா. அமைப்பு முழுவதுமே தவறியது என்று 2012-இல் அறிக்கை தந்தது. வீட்டோ எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சபையின் தோல்வியை அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

வீட்டோவுக்கு விளக்கம்

இனப்படுகொலை போன்ற பெருங்கொடுமைகளின்போது வீட்டோவைத் தாமாகவே தவிர்க்க வேண்டும் என்று 2015-இல் பிரான்சும் மெக்சிகோவும் கூட்டாக வேண்டுகோள் விடுத்தன. அதே ஆண்டில் சிறிய, நடுத்தர நாடுகளின் குழு ஒன்று இதே நோக்கில் நடத்தை நெறி ஒன்றை வகுத்தது.

2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை ரஷ்யா தடுத்தது. ஏப்ரல் 26 அன்று, லீக்டன்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தைப் பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஏற்றது. யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே வடகொரியா பற்றிய தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் தடுத்தபோது இது முதன்முறை செயலுக்கு வந்தது. 2023 டிசம்பர் 8 அன்று, காசா போர்நிறுத்தத்துக்கு 13 உறுப்பினர்கள் கைதூக்கியும் அமெரிக்கா தடுத்தபோது, பொதுச்சபை அவசரச் சிறப்புக் கூட்டமாகக் கூடியது. 2022-இன் விதியால் வீட்டோ ரத்தாவதில்லை. ஆனால் அதைப் போட்டவரிடம் உலகின் முன் காரணம் கேட்கப்படும் நிலை உருவாகியிருக்கிறது.

இன்றைய நிலை

ஐ.நா.வில் இன்று 193 நாடுகள் உள்ளன. 54 ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்றுக்குக்கூட நிரந்தர இடம் இல்லை. 2024 செப்டம்பரில், ஆப்பிரிக்காவுக்கு வீட்டோ இல்லாத இரு நிரந்தர இடங்களை ஆதரிப்பதாக அமெரிக்கா அறிவித்தது. அதே மாதம் பொதுச்சபை ஏற்ற எதிர்காலத்துக்கான ஒப்பந்தம், ஆப்பிரிக்காவுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைக் களைவதற்கு முன்னுரிமை தந்தது.

சாசனத் திருத்தத்துக்கு இன்று 129 வாக்குகள் வேண்டும். அந்த எண்ணிக்கை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளிடம் இருக்கிறது. 1963-இல் இருந்ததும் 2005-இல் இல்லாததும் ஒரே கோரிக்கையின்பின் அவற்றைத் திரட்டிய ஒற்றுமை. எந்த நாடு அமர வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எந்த மக்களின் குரல் அங்கே ஒலிக்கவில்லை என்பதிலிருந்து அவை மீண்டும் தொடங்கினால், இரண்டாவது திருத்தம் எட்டாத கனவாக இருக்காது.