சிங்கப்பூர் கசினோக்கள்: பொருளாதார, சமூக விளைவுகள்

சிங்கப்பூரில் நெடுங்காலம் மறுக்கப்பட்ட கசினோவுக்கு அரசு 2005இல் இசைவளித்தது. செந்தோசாவிலும் மரினா பேயிலும் 2010இல் இரண்டு திறக்கப்பட்டன. 2009இல் ஒரு கோடிக்குக் குறைவாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் வருகை மறு ஆண்டு ஏறத்தாழ 1.16 கோடியானது, உலகப் பொருளாதாரம் மீண்டதும் இதற்கு ஒரு காரணம். விடுதி, உணவகம், மாநாட்டு அரங்கம் ஆகியவற்றில் வேலைகள் பெருகின.

சூதாட்ட இழப்பு குடும்பங்களையும் பாதிக்கும் என்பதை அரசு முன்பே உணர்ந்திருந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019இல் இது 150 ஆனது. 21 வயதுக்குக் குறைந்தோர் நுழைய முடியாது. கடனில் நொடித்தவர்களும் அரசு உதவித்தொகை பெறுவோரும் சட்டப்படியே விலக்கப்படுகின்றனர். சூதாடுபவரைத் தடுக்கக் குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுவே. அந்த வெளிநாட்டவரில் தமிழகத்தவரும் உண்டு; காவிரிப் படுகையின் நாகூருக்கும் சிங்கப்பூருக்குமான உறவு பழையது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா 1828–30இல் கட்டப்பட்டது. இன்றும் காவிரிப் படுகையிலிருந்து கூலி வேலைக்குச் செல்வோர் பலர், முகவருக்குக் கடன்பட்டே விமானம் ஏறுகின்றனர். அவர்கள் சூதில் தோற்றால் வட்டி ஊரில் ஏறுகிறது. அடகு நகை மீளாது. ஆயினும், கசினோவிலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் பதிவு அவர்களுக்கும் உண்டு.